மண்வெட்டிச் சகோதரர்கள்

முப்பத்தைந்து ஆண்டுக் காலம் பள்ளிகளில் சரித்திரம் கற்பித்தவன் நான். அத்தனை ஆண்டுகளிலும் 1733 என்னும் எண்ணைக் கரும்பலகையில் எழுதும் தேவை எனக்கு ஒருமுறையேனும் நேர்ந்ததில்லை. பரீட்சைக்கு வேண்டிய போரோ உடன்படிக்கையோ அவ்வாண்டில் எங்கள் பாடத்தில் இல்லை. ஆயினும் அவ்வாண்டையொட்டித்தான் லண்டன் மாநகரில் துணி வியாபாரம் செய்துவந்த ஒருவர், அட்லாண்டிக் மாகடலுக்கு அப்பால் பென்சில்வேனியாவில் ஏர் உழுதுகொண்டிருந்த ஒருவருக்குச் செடி விதை கேட்டு எழுதினார். மறுமொழி வந்தது. மறுமொழிக்கு மறுமொழி சென்றது. இவ்வாறு எழுதத் தொடங்கியவர்கள் முப்பத்தைந்து ஆண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தனர். இளமை கழிந்து நடுவயதும் கடந்து இருவரும் கிழவராயினர். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதே இல்லை.

இதைக் கேட்டவுடன் உங்களுக்குப் பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் நினைவுக்கு வருவர், வரவேண்டியதுதான். ஆனால் அந்நட்பின் உயர்ந்த முடிவை நாம் அறிவோமேயன்றி, அவ்விருவரும் அன்றாடம் ஒருவரைப் பற்றி ஒருவர் என்ன விசாரித்துக்கொண்டனர் என்பதை அறியோம். நான் சொல்லப்போகும் இருவரின் நட்போ, அன்றாடப் பேச்சாலேயே ஆனது. அந்தப் பேச்சு பெரும்பகுதி எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆகையால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

லண்டன்காரரின் பெயர் பீட்டர் காலின்சன். 1694இல் பிறந்தவர். கிரேஸ்சர்ச் தெருவில் அவருக்குத் துணிக்கடை இருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களுக்குத் துணி அனுப்புவதே முக்கிய வியாபாரம். தோட்டம் போடுவது அவருடைய பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று சொன்னாலும், பொழுதை மட்டுமன்றிப் பணத்தையும் உறக்கத்தையும் அதற்கே செலவிட்டார் என்று சொல்லவேண்டும். முதலில் பெக்காம் என்னுமிடத்திலும், 1749 முதல் மில் ஹில் என்னும் மேட்டுநிலத்திலும் அவர் தோட்டம் இருந்தது. அரச கழகம் எனப்படும் ராயல் சொசைட்டியில் 1728இலேயே உறுப்பினர் ஆனவர். எனினும் பட்டம் பெற்ற அறிஞர் அல்லர். கடைக்கார மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, வாங்க வந்தவர்களுக்கு இடையிடையே கடிதம் எழுதியவர். அவசரத்தில் எழுதியதால் பிழை இருக்கும், பொறுத்துக்கொள் என்று அவரே எழுதுவார்.

மற்றவர் ஜான் பார்ட்ராம். 1699இல் பென்சில்வேனியாவில் பிறந்த உழவர். 1728இல் ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் 102 ஏக்கர் நிலம் வாங்கித் தம் கையாலேயே கல்லுடைத்து வீடு கட்டினார். இரு மணங்களிலும் சேர்த்துப் பதினொரு குழந்தைகள். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. ஒருநாள் உழுதுகொண்டிருக்கையில் காலடியில் கிடந்த ஒரு சிறு பூவைக் கையில் எடுத்துப் பார்த்தாராம். இத்தனை நாள் இதைக் கொழுவால் புரட்டித் தள்ளினோமே, இதன் பெயர்கூடத் தெரியாதே என்று வெட்கப்பட்டாராம். உடனே நகரத்துக்குச் சென்று ஒரு தாவர நூலும் ஒரு லத்தீன் இலக்கணமும் வாங்கி, ஓர் ஆசிரியரை அமர்த்தி மூன்று மாதத்தில் லத்தீன் படித்தாராம். 1782இல் வெளியான ஒரு புத்தகத்தில் இக்கதை வருகிறது. கதாசிரியர் அழகுக்காகச் சேர்த்தது கொஞ்சம் இருக்கும். மூன்று மாதத்தில் லத்தீன் என்பதை எந்த ஆசிரியரும் எளிதில் நம்பமாட்டார்.

இருவரும் குவேக்கர் என்னும் கிறிஸ்தவக் குழுவைச் சேர்ந்தவர்கள். அக்குழுவினர் எவரையும் ‘நீ’ என்றே விளிப்பர், அரசனாயினும் அப்படித்தான். அக்காலத்து ஆங்கிலேயருக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாட்டை நாள்தோறும் நாவில் வைத்திருக்கும் நமக்கு, அரச கழக உறுப்பினரும் கல்லுடைத்து வீடு கட்டிய உழவரும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒருவரையொருவர் ‘நீ’ என்று எழுதிக்கொண்டதன் சுவை எளிதில் விளங்கும்.

இனி, அவர்கள் வேலை செய்த முறையைச் சொல்கிறேன். அமெரிக்கக் காடுகளில் விளையும் மரங்களும் பூஞ்செடிகளும் இங்கிலாந்தில் அப்போது அரியவை. காலின்சன் கேட்பார்; பார்ட்ராம் அறுவடை முடிந்த இலையுதிர் காலத்தில் குதிரை ஏறிக் காடு புகுந்து விதை சேர்ப்பார். விதைகளைத் தாளில் மடித்துப் பெட்டியில் அடுக்கிக் கப்பல் ஏற்றவேண்டும். கடல் வழியோ ஆறு வாரமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். உப்பு நீர் புகுந்தால் விதை கெடும். ஈரம் பட்டால் முளைவிட்டு அழுகும். எலி புகுந்தாலோ கேட்கவே வேண்டாம். ஒருமுறை பெட்டியைத் திறந்தபோது எலி கூடு கட்டிக் குட்டி போட்டிருந்த செய்தியைக் காலின்சன் வருத்தத்தோடு எழுதுகிறார். வேருடன் உயிர்ச்செடி அனுப்ப அவர் சொல்லித் தந்த உபாயம் விநோதமானது: எருதின் மூத்திரப்பையைச் சுத்தம் செய்து, மண்ணும் நீரும் இட்டு, அதனுள் வேரை வைத்து, பணப்பையைப் போல வாயைச் சுருக்கிக் கட்டிக் கப்பல் அறையில் தொங்கவிடவேண்டும். கப்பல் தலைவனிடம் நயந்து பேசிப் பெட்டியை அவனுடைய அறையிலேயே வைக்கச் சொல்வதும் உண்டு. லண்டன் துறைமுகத்தில் சுங்கச்சாவடிக்குப் போய் நின்று பெட்டியை மீட்டு வருவது காலின்சனின் பங்கு.

இதில் பெயர்ச் சிக்கல் ஒன்று இருந்தது. ஒரே செடிக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர். இவர் சொல்வது எது, அவர் கேட்பது எது என்று அறிவது எங்ஙனம்? காலின்சன் பழுப்புத் தாள் கட்டுகளை அனுப்பிவைத்தார். பார்ட்ராம் ஒவ்வொரு செடியிலும் இரண்டு கிளைகளைப் பறித்துத் தாளிடை வைத்து உலர்த்தி, இரண்டுக்கும் ஒரே எண் இடவேண்டும். ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு மற்றொன்றை அனுப்பவேண்டும். லண்டனில் அதை அறிஞர்களிடம் காட்டி, இன்ன எண்ணுக்கு இன்ன பெயர் என்று எழுதி அனுப்புவார் காலின்சன். எண்ணைப் பார்த்துப் பார்ட்ராம் தம் கட்டில் உள்ள கிளையின் அருகே பெயரைக் குறித்துக்கொள்வார். வகுப்பறையோ வாத்தியாரோ இல்லாமல் ஓர் உழவர் தாவரவியல் கற்ற விதம் இது. ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டில்லேனியஸ் பாசியினங்களில் வல்லவர். அவர் தூண்டிய பிறகுதான் பார்ட்ராம் பாசிகளைக் கவனித்தார். அதற்கு முன் புதுக் கொட்டகைக் கதவைப் பசு பார்ப்பதுபோலப் பாசியைப் பார்த்து நின்றதாக அவரே சொல்லிக்கொள்கிறார். நல்ல மாணவனின் வாக்குமூலம் என்று நான் இதைச் சொல்வேன்.

காலப்போக்கில் காலின்சனின் நண்பர்களும் விதை கேட்டனர். 105 வகை விதைகள் கொண்ட பெட்டிக்கு ஐந்து கினி, அதாவது 5 பவுன் 5 ஷில்லிங் என்று விலை ஏற்பட்டது. கோமகன்களும் பிரபுக்களும் பட்டியலில் சேர்ந்தனர். பணம் பார்ட்ராமுக்குப் போயிற்று. காலின்சன் தரகு பெறவில்லை. கணக்கெழுதி, கடன் வசூலித்து, பெட்டிகளைப் பங்கிட்டுக் கொடுத்ததெல்லாம் ஆசையால்தான். கால்மியா, மக்னோலியா, சர்க்கரை மேப்பிள் முதலிய அமெரிக்கச் செடிகளும் மரங்களும் இங்கிலாந்தின் பூங்காக்களில் பரவியதற்கு இந்தப் பெட்டிகள் பெரும் காரணம்.

ஆனால் நான் அந்தக் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படிப்பது விதைக்காக அன்று. இடையில் வரும் சில்லறைப் பேச்சுக்காகவே படிக்கிறேன்.

1738இல் பார்ட்ராம் விர்ஜினியாவுக்குச் செடி தேடிப் புறப்பட இருந்தார். காலின்சனுக்கு ஒரு கவலை. நண்பர் காட்டுக்குப் போகும் கோலத்திலேயே அவ்வூர்ச் சீமான்கள் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டால்? ஆகவே அதற்கு முந்தைய ஆண்டே ஒரு கடிதத்தில் வற்புறுத்துகிறார்: நான் அனுப்பிய துணியில் உடை தைத்துக்கொண்டு போ, உன்னையும் என்னையும் தலைகுனிய வைத்துவிடாதே, நீ எந்தக் கோலத்தில் வந்தாலும் என் மதிப்புக் குறையாது, ஆனால் அவ்வூரார் மனிதனின் உள்ளத்தைவிட உடையை அதிகம் பார்ப்பவர்கள். துணி வியாபாரி அல்லவா? அதைச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. பார்ட்ராம் தனியே புறப்பட்டு ஐந்து வாரங்களில் ஏறத்தாழ 1,100 மைல் பயணம் செய்து திரும்பினார்.

வில்லியம்ஸ்பர்க் நகரில் அவரை எதிர்கொண்டவர் ஜான் கஸ்டிஸ் என்பவர். இவரும் காலின்சனோடு செடி மாற்றிக்கொண்டு கடிதம் எழுதிவந்த மற்றொரு தோட்டப் பிரியர். இவரும் காலின்சனைக் கண்டதில்லை. காலின்சன் இவருக்கு எழுதுகையில், நாமெல்லாம் மண்வெட்டிச் சகோதரர்கள் என்று எழுதுவது உண்டு. என் பேச்சுக்குத் தலைப்பு அங்கே கிடைத்தது. கடுகடுத்த மனிதர் என்று பெயர் வாங்கிய கஸ்டிஸ், பார்ட்ராமைக் கண்டு அளவளாவியபின், முன்பின் அறியாத ஒருவரால் இவ்வளவு மகிழ்ச்சி நான் அடைந்ததே இல்லை என்று காலின்சனுக்குத் தெரிவித்தார். ஒரே பொழுதுபோக்கு உடையவர்களுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை மறைத்துவிட்டு மேலே செல்ல என் மனம் ஒப்பவில்லை. கஸ்டிஸின் கையில் இருந்த மண்வெட்டி பெரும்பாலும் பேச்சில் மட்டுமே இருந்தது. அவர் தோட்டத்தில் மண் வெட்டியவர்களும் கோடையில் நீர் சுமந்தவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் மக்களும் ஆவர். அவர்களைச் சகோதரர் என்று அக்கடிதங்களில் எவரும் அழைக்கவில்லை.

தொப்பிக் கதை இன்னும் வேடிக்கையானது. காலின்சன் ஒருமுறை தாம் அணிந்த வெல்வெட்டுத் தொப்பி ஒன்றைப் பார்ட்ராமுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். பார்ட்ராம் அதில் ஓட்டை இருக்கிறது என்று குறைகூறி எழுதி, அதை வேறொருவருக்குக் கொடுத்தும் விட்டார். லண்டனிலிருந்து சூடான மறுமொழி வந்தது: ஓரத்தில் ஒன்றிரண்டு சிறு ஓட்டைகள் இருந்தது மெய்தான், ஆனால் உட்புறத்துத் துணி புதிது, யாருக்கோ கொடுத்ததற்கு எனக்கே திருப்பி அனுப்பியிருக்கலாமே, மழைநாளில் கிராமத்தில் போட்டுக்கொள்ள இன்னும் இரண்டு மூன்று வருஷம் வந்திருக்கும்! அரச கழக உறுப்பினர் ஒருவர், எலிகளுக்கும் புயலுக்கும் தப்பி மூவாயிரம் மைல் கடந்து செல்லும் கடிதத்தில், ஒரு பழைய தொப்பிக்காக வாதாடுகிறார். நெருங்கிய நண்பர்களிடம் அன்றி வேறு யாரிடம் இப்படிச் சண்டை போட முடியும்?

புத்தகத்திலும் பிணக்கு வந்தது. தோட்டக்கலை அகராதி ஒன்று அன்பளிப்பாகக் கிடைத்த பிறகு பார்ட்ராம் மேலும் நூல்கள் கேட்டார். அதிகம் படித்துக் குழம்பாதே, புத்தகங்களுக்கு முடிவே இல்லை என்று சாலமோன் அரசன் சொல்லியிருக்கிறான் என்று காலின்சன் எழுதினார். கேட்ட மாணவனுக்குப் புத்தகம் இல்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன், பார்ட்ராமும் ஏற்கவில்லை. உன் அறிவுரைக்கு நன்றி, ஆயினும் சாலமோன் பெண்கள்மேல் வைத்த ஆசையைக் குறைத்துப் புத்தகத்தின்மேல் கூட்டியிருந்தால் இன்னும் அறிவாளியாகவும் இன்பமுடையவனாகவும் இருந்திருப்பான் என்று மறுமொழி போட்டார். காலின்சன் வேதம் காட்டினார். பார்ட்ராம் அந்த வேதத்தைக்கொண்டே அவரை மடக்கினார்.

ஆமை முட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மண் நிரப்பிய பெட்டியில் ஆமை முட்டைகளைப் புதைத்து அனுப்பியிருந்தார் பார்ட்ராம். லண்டனில் பெட்டியைத் திறந்து மேல் மண்ணை விலக்கியபோது, அந்தக் கணத்திலேயே ஒரு குட்டி ஆமை மண்ணுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. இதை வியந்து எழுதுகிறார் காலின்சன். சிறுபிள்ளையின் குதூகலம் அது.

துயரமும் வந்தது. காலின்சனின் மிக நெருங்கிய தோட்ட நண்பர் எசெக்ஸ் மாவட்டத்தில் தார்ண்டன் மாளிகைக்கு உரிய இளம் பிரபு. அவருடைய குடிப்பெயரும் பீட்டர் என்றே ஒலிக்கும். குழப்பம் நேராதிருக்கத் தார்ண்டன் பிரபு என்றே சொல்கிறேன். பார்ட்ராமின் விதைகளை முதன்முதலில் பெருமளவில் வாங்கி ஆதரித்தவர் அவரே. அவருடைய நாற்றங்காலில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் நின்றன. 1742இல் அம்மை நோய் கண்டு, முப்பது வயதும் நிரம்பாத நிலையில் அவர் இறந்தார். அந்தச் செய்தியை எழுதும்போது காலின்சனின் எழுத்து தடுமாறுகிறது. கன்றுகள் பின்னர் விலைக்குப் போய் வேறு கோமகன்களின் பூங்காக்களில் வேர்கொண்டன.

பணத்தைப் பற்றிய மனத்தாங்கலும் இவர்களுக்குள் எழாமல் இல்லை. காடு மேடெல்லாம் அலைந்ததற்குத் தக்க ஊதியம் இல்லை என்று பார்ட்ராம் குறைப்பட்டார். ஊதியமே இல்லாமல் உனக்காக நான் உழைக்கிறேனே, அது உன் கண்ணில் படவில்லையா என்று காலின்சன் சினந்தார். படிக்கும்போது, இதோ அறுந்துவிடும் என்று தோன்றும். அடுத்த கப்பலில் விதைப் பட்டியலும் வீட்டு நலமும் விசாரித்துக் கடிதம் வந்துவிடும். கடிதம் போய் மறுமொழி வர ஆறேழு மாதம் ஆன காலத்தில் கோபம் நெடுநாள் நிற்பதில்லை போலும்; சண்டையின் மறுமொழி வந்து சேர்வதற்குள் வசந்தம் வந்து செடி பூத்துவிடுகிறது.

மாணவர்கள் அறிந்திருக்கவேண்டிய ஒரு செய்தியை விரைந்து சொல்லிவிடுகிறேன். பிலடெல்பியா நூலகச் சங்கத்துக்கு மின்சாரச் சோதனைக்குரிய ஒரு கண்ணாடிக் குழாயை 1740களின் நடுவில் அனுப்பிவைத்தவரும் இதே காலின்சன்தான். பெஞ்சமின் பிராங்க்ளின் அதைக்கொண்டு செய்த சோதனைகளை அவருக்கே கடிதங்களாக எழுதினார். அக்கடிதங்கள் 1751இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. பிராங்க்ளினும் பார்ட்ராமும் ஓரூர் நண்பர்கள். 1743இல் தோன்றிய அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் தொடக்ககால உறுப்பினர் இருவரும்.

போர்க்காலங்களில் கடல் வழி மோசமாயிற்று. பிரெஞ்சுக் கப்பல்கள் ஆங்கிலக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டபோது விதைப் பெட்டிகளும் பிடிபட்டன. ஓராண்டு உழைப்பு ஒரு பொழுதில் போயிற்று. எனினும் எதிரியின் கையில் அகப்பட்டாலும் விதை வீணாகக் கூடாது என்பதற்காக, பாரிஸ் அரசத் தோட்டத்துத் தாவர அறிஞரின் பெயரையும் பெட்டியின்மேல் எழுதச் சொன்னார் காலின்சன். அரசர்கள் போரிட்டுக்கொண்டிருக்க, எந்தத் தோட்டத்திலாவது முளைத்தால் சரி என்று நினைத்தவர்கள் இவர்கள்.

1758இல் பார்ட்ராமைக் குவேக்கர் சபை விலக்கிவைத்தது. இயேசுவின் தெய்வத்தன்மையை அவர் ஏற்கவில்லை என்பது குற்றச்சாட்டு. காலின்சன் அச்சபையில் இறுதிவரை இருந்தவர். ஆயினும் கடிதம் நிற்கவில்லை. இதைவிடக் கடுமையான சோதனை 1763இல் வந்தது. அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கும் குடியேறிய வெள்ளையருக்கும் இடையே எல்லைப்புறத்தில் பெரும்போர் மூண்டது. பார்ட்ராமின் தந்தை 1711இல் கரோலினாவில் பழங்குடியினரின் தாக்குதலில் கொல்லப்பட்டவர். பார்ட்ராம் 1743இல் ஆனண்டாகா என்னும் பழங்குடியினரின் தலைநகருக்குப் பயணம் சென்று அவர்களுடைய விருந்தினராகத் தங்கியவர்தான். அந்தப் பயணக் குறிப்பு 1751இல் லண்டனில் அச்சேறியது. அப்படியிருந்தும், அவர்களை நன்றாக அடித்து அஞ்சச் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை என்று இப்போது எழுதினார்.

காலின்சன் இதற்கு இணங்கவில்லை. நிலத்தை ஏமாற்றிப் பறித்தது யார், உடன்படிக்கையை முதலில் மீறியது யார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது அவர் கட்சி. நண்பருக்கு எழுதியதோடு நில்லாமல், பழங்குடியினரோடு நிலைத்த சமாதானம் காண ஒரு யோசனையை வரைந்து ஜென்டில்மேன்ஸ் மேகசின் என்னும் லண்டன் பத்திரிகையில் அவ்வாண்டே வெளியிட்டார். எனக்கு இதில் காலின்சன் சொன்னதே நியாயமாகப் படுகிறது. ஆனால் அவர் இருந்தது லண்டனில். மற்றவரோ தந்தையைப் பறிகொடுத்தவர், எரியும் எல்லைப்புறத்துக்குச் சில நாள் பயணத் தொலைவில் குடும்பத்தோடு இருந்தவர். இருவரும் தத்தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஒருவரையொருவர் விட்டுவிடவும் இல்லை.

முதுமையில் பார்ட்ராமுக்கு ஒரு மனக்குறை ஏற்பட்டது. தம்மூர்ப் பக்கத்து இளைஞன் ஒருவன் ஒருசில செடிகளை அனுப்பிவிட்டு 1764இல் ராணியின் தாவரவியலாளன் என்னும் பதவியைப் பெற்றுவிட்டான். முப்பது ஆண்டு உழைத்த தமக்கு ஒன்றும் இல்லையே என்று கிழவர் புழுங்கினார். காலின்சன் ஆறுதல் எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர்களையெல்லாம் பிடித்து, 1765இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தாவரவியலாளராகப் பார்ட்ராம் நியமனம் பெறச் செய்தார். சம்பளம் ஆண்டுக்கு 50 பவுன். இது போதாது என்று பார்ட்ராம் அதற்கும் குறைகூறினார்! குறைகூறிக்கொண்டே, 66 வயதில், மகன் வில்லியத்தையும் உடன் அழைத்துக்கொண்டு ஜார்ஜியாவுக்கும் பிளாரிடாவுக்கும் புறப்பட்டார். காய்ச்சலில் வாடினார், சதுப்பு நிலங்களில் அலைந்தார். 1765 அக்டோபரில் அல்டமஹா ஆற்றங்கரையில் அதுவரை எவரும் விவரித்திராத ஒரு சிறுமரத்தைத் தந்தையும் மகனும் கண்டனர்.

அதே ஆண்டுகளில் மில் ஹில் தோட்டத்தில் திருடர்கள் ஒருமுறைக்கு மேல் புகுந்து அரிய செடிகளை வேரோடு பெயர்த்துச் சென்றனர். பல்லாண்டுக் காலம் கடல் கடந்து வந்து தேறிய செடிகள் ஒரே இரவில் போயின. எழுபது வயதைக் கடந்த காலின்சன் மறுபடியும் நட்டார். மனைவி 1753இலேயே இறந்துவிட்டார். அதன் பிறகு தோட்டமும் கடிதமும் அவருக்குப் பெருந்துணையாயின.

அவருடைய கடைசிக் கவலைகளில் ஒன்று பார்ட்ராமின் மகனைப் பற்றியது. வில்லியம் அழகாகப் படம் வரைவார். ஆனால் வியாபாரத்தில் தோற்றார், விவசாயத்திலும் தோற்றார். இந்தப் பையன் எப்படிப் பிழைப்பானோ என்று தந்தையைவிட அதிகமாகக் காலின்சன் கவலைப்பட்டார். அவனுடைய படங்களைப் பெரிய மனிதர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவார். 1768 ஜூலையில், போர்ட்லண்ட் கோமகள் உன் படங்களைப் பார்த்து மகிழ்ந்து 20 கினி அளவுக்கு வரையச் சொல்லியிருக்கிறாள் என்று வில்லியத்துக்கு எழுதினார். அவ்வாண்டு ஆகஸ்டில் காலஞ்சென்ற தார்ண்டன் பிரபுவின் மகனைக் காணச் சென்றிருந்தபோது நோயுற்றார். 11ஆம் தேதி இறந்தார். வயது 74. கோமகளின் செய்தியைச் சுமந்த கடிதம் அப்போது கடலில் வந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

காலின்சன் கவலைப்பட்ட அந்தப் பையன் வீணாகவில்லை. காலின்சனின் நண்பரான டாக்டர் பாதர்கில் பொருளுதவி செய்ய, வில்லியம் 1773 முதல் தென்பகுதிகளில் சுற்றி எழுதிய பயண நூல் 1791இல் வெளிவந்தது. அதைக் கவிஞர்கள் கோல்ரிட்ஜும் வேர்ட்ஸ்வொர்த்தும் விரும்பிப் படித்தனர். அல்டமஹா ஆற்றங்கரைச் சிறுமரத்தின் விதையைக் கொண்டுவந்து வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தவரும் அவரே. குடும்ப நண்பர் பெயரால் அதற்குப் பிராங்க்ளினியா என்று பெயரிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பின் அந்த மரத்தைக் காட்டில் எவரும் காணவில்லை. இன்று உலகில் எங்கெங்கே அது பூக்கிறதோ அங்கெல்லாம் இருப்பது பார்ட்ராம் தோட்டத்து வழித்தோன்றலே என்று கருதுகின்றனர்.

ஜான் பார்ட்ராம் 1777 செப்டம்பரில் இறந்தார். அப்போது பிரிட்டிஷ் படை பிராண்டிவைன் ஆற்றருகே வெற்றி பெற்றுப் பிலடெல்பியாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. படை தம் தோட்டத்தைப் பாழாக்கிவிடுமோ என்னும் அச்சமே அவர் முடிவை விரைவுபடுத்தியது என்று குடும்பத்தார் சொல்லிவந்தனர். தோட்டம் பாழாகவில்லை. அவர் கட்டிய கல்வீட்டோடு இன்றும் அது பொதுமக்கள் சென்று காணும் இடமாக இருக்கிறது. மில் ஹில்லில் காலின்சனின் தோட்டம் இருந்த இடத்தில் 1807இல் ஒரு பள்ளிக்கூடம் ஏற்பட்டு இன்றும் நடந்துவருகிறது.

கடிதங்களை வில்லியம் டார்லிங்டன் என்னும் அமெரிக்கத் தாவர அறிஞர் 1849இல் தொகுத்து அச்சிட்டார். கல்லூரி நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். முதலிலிருந்து படிக்கவேண்டும் என்பதில்லை; எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏதாவது ஒரு கப்பல் வந்துகொண்டிருக்கும். தொப்பிக் கடிதமும் அதில் இருக்கிறது.